நியூட்ரினோவுக்குப் பனியா, கடலா?

வேலூரிலிருந்து மேற்கே போனால் மாநில எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயல். நியூட்ரினோ, எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நுண்துகள். விண்கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை 1965-ல் உலகில் முதலில் பார்த்த குழுக்களில் ஒன்று அந்தச் சுரங்கத்தில்தான் வேலை செய்தது. இது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இப்போதைய பெரிய கருவிகளில் இரண்டு: தென்துருவப் பனிக்குள் ஐஸ்கியூப், மத்தியதரைக் கடலடியில் கேஎம்3நெட். நியூட்ரினோ மோதும்போது பிறக்கும் துகள்கள் உமிழும் மங்கலான நீல ஒளியைத்தான் இரண்டும் பிடிக்கின்றன.

பனியில் இரைச்சல், அதாவது உணரியைக் குழப்பும் வேறு ஒளி, குறைவு. ஒரு கன கிலோமீட்டர் பனியில் 5,160 ஒளி உணரிகள். அவற்றை 2010-லேயே பதித்து முடித்துவிட்டார்கள். ஆனால் பனி ஒளியைச் சிதறடிப்பதால் துகள் வந்த திசை மங்கிவிடுகிறது. உறைந்துபோன உணரியை வெளியே எடுத்துப் பழுதுபார்க்கவும் வழியில்லை.

கடலில் தொல்லை அதிகம். உப்புநீரில் உள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40, தானாக ஒளிரும் உயிர்கள் எல்லாம் உணரியைக் குழப்பும். சரி, பிறகு ஏன் கடல்? தண்ணீரில் ஒளி அவ்வளவு சிதறாது, திசை துல்லியமாகக் கிடைக்கும். மற்றத் துகள்களைத் தடுக்கும் வடிகட்டியாகப் பூமியை வைத்து, அதை ஊடுருவி வரும் நியூட்ரினோவைக் கீழ்நோக்கிப் பார்த்தால், நம் பால்வெளியின் மையமும் அகப்படும். சிசிலி அருகே உள்ள கேஎம்3நெட் பகுதியில், பாதிகூடக் கட்டாத நிலையிலேயே, 2023 பிப்ரவரியில் சுமார் 220 பெட்டா எலெக்ட்ரான்வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள நியூட்ரினோ சிக்கியது. அதுவரை கண்டதிலேயே அதிக ஆற்றல் அதற்குத்தான்.

ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியைப் பார்த்தவர்களுக்கு, நியூட்ரினோ வானில் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்கு என் தேர்வு கடல்தான். வளிமண்டல நியூட்ரினோவை ஆராயவும் பிரான்சின் டூலோன் அருகே கேஎம்3நெட்டின் இன்னொரு பகுதியில் உணரிகளை நெருக்கமாக இறக்கிவருகிறார்கள்.