பழைய ஸ்டான்லி பிளேன் (இழைப்புளி) ஏலத்துல வாங்குறவங்களுக்கு: உங்களுக்கு எதிரா பிட் போடுறது யாருன்னு பாத்துட்டு போடுங்க

ஆன்லைன் ஏலத்துல பழைய இழைப்புளி, உளி, ரம்பம்னு தேடித் தேடி சேக்குற நம்ம ஆளுங்க அமெரிக்காவுல இருக்கீங்க, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். ஆயிரம் டாலர் கிட்ட போற பொருளுக்கு பிட் போட, அதாவது ஏலத்துல விலை கேக்கப் போறீங்கன்னா தயவுசெஞ்சு முழுசா படிச்சிட்டு போடுங்க. பேர் மறைச்ச பிட்டர்கள வச்சு நான் மனசுல வச்சிருந்த அதிகபட்ச விலைய முதல்ல தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் அதுக்கு அஞ்சே அஞ்சு டாலர் கீழ வரைக்கும் என்னை ஏத்தி விட்டுட்டாங்க. யாரு, எப்படி, எதை வச்சு சொல்றேன்னு கீழ எழுதியிருக்கேன்.

பொருள் ஸ்டான்லி நம்பர் 1. தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன், கனெக்டிகட்ல நியூ பிரிட்டன் ஊர்ல இருந்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி 1869-ல லெனார்ட் பெய்லியோட பேட்டன்ட்ட எல்லாம் வாங்கி, இரும்பு பெஞ்ச் பிளேன் வரிசைய 1-ல இருந்து 8 வரைக்கும் நம்பர் போட்டு வித்தாங்க. அதுல ரொம்ப சின்னது இந்த நம்பர் 1, நீளம் அஞ்சரை இஞ்ச், பிளேடு ஒண்ணேகால் இஞ்ச் அகலம். 1943-ஓட நிறுத்திட்டாங்க. நம்பர் 4, நம்பர் 5 எல்லாம் எந்த கராஜ் சேலுக்கு போனாலும் கிடைக்கும், ஏன்னா தச்சு வேலை பாக்குறவன் எல்லார் கிட்டயும் அது இருந்துச்சு, நம்பர் 1-ஐ அந்தக் காலத்துலயே வாங்கினவங்க கம்மி, அதான் இன்னைக்கு இவ்வளவு விலை. போலியும் சுத்துது. ஒரிஜினல் நம்பர் 1-ல லேட்டரல் லிவர், அதாவது பிளேட பக்கவாட்டுல சாய்ச்சு நேராக்குற சின்ன நெம்புகோல், எப்பவுமே கிடையாது, போட்டோவுல பிளேடுக்குப் பின்னாடி அது தெரிஞ்சா பக்கத்துலயே போகாதீங்க.

எனக்கு இது ரொம்ப வருஷ ஆசை. நம்பர் 2-ல இருந்து 8 வரைக்கும் ஷெல்ஃப்ல வரிசையா இருக்கு, எல்லாமே நானே துரு எடுத்து, தீட்டி, மரத்துல ஓட்டிப் பாத்தது. அதனால இந்த லிஸ்டிங் வந்ததும் போட்டோவ எல்லாம் பெருசாக்கி பாத்தேன், விக்கிறவர் கிட்ட ரெண்டு மூணு கேள்வி கேட்டேன், "கைப்பிடி உட்பட எல்லாம் ஒரிஜினல், ரிப்பேர் எதுவும் இல்ல"ன்னு எழுத்துல பதில் வந்துச்சு. திருப்தியாகி என்னோட அதிகபட்ச விலை 1,150 டாலர்னு போட்டேன்.

இந்த ஏலம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சாதான் நடந்தது புரியும். நீங்க 1,150 போட்டா அது உடனே 1,150 ஆகாது. சிஸ்டம் அத ரகசியமா வச்சுக்கிட்டு, உங்களுக்கு அடுத்த ஆள் எவ்வளவு கேட்டானோ அதுக்கு ஒரு படி மேல மட்டும் உங்க சார்பா கேக்கும். இதுக்குப் பின்னாடி இருக்குற யோசனை வில்லியம் விக்ரேங்கிற பொருளாதார அறிஞர் 1961-ல ஆராய்ச்சி பண்ணது, ஜெயிச்சவன் ரெண்டாவது ஆள் கேட்ட விலையத்தான் குடுப்பான்னா, எல்லாரும் பயப்படாம தன் மனசுல இருக்குற உண்மையான விலையவே சொல்லிடலாம்னு. 1996-ல அவருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. அருமையான யோசனை, நான் மறுக்கல. ஆனா அந்த ரெண்டாவது ஆள் நிஜமாவே பொருள் வேணும்னு வந்தவனா இருக்கணும். செல்லரோட மச்சானோ, செல்லரே இன்னொரு அக்கவுன்ட்ல வந்தோ கேட்டா மொத்த கணக்கும் செல்லர் பாக்கெட்டுக்கு போயிடும். இதத்தான் ஷில் பிட்டிங்னு சொல்றாங்க.

சரி, நடந்ததுக்கு வரேன். இன்னொருத்தர் 610 வரைக்கும் கேட்டு நின்னுட்டார், விலை 620-ல நான் முன்னாடி இருந்தேன். அந்த 610 ஆள் நிஜமான ஆள்தான்னு இன்னைக்கும் நம்புறேன், ஆயிரக்கணக்குல ஃபீட்பேக் (முன்னாடி அவரோட வியாபாரம் பண்ணவங்க குடுத்த மதிப்பீடு), பல செல்லர் கிட்ட வாங்கினவர். ஒரு நாள் காலையில பாத்தா விலை 1,175-க்கு எகிறி நிக்குது, வேற யாரோ முன்னாடி இருக்காங்க, பேரு ரெண்டு எழுத்தும் நடுவுல நட்சத்திரமும் மட்டும், ஃபீட்பேக் மூணு. சரி போச்சுன்னு விட்டுட்டேன். சாயங்காலம் பாத்தா அந்த பிட் வாபஸ், காரணம் "தப்பான தொகைய போட்டுட்டேன்". விலை மறுபடி 620, மறுபடி நான் முன்னாடி.

இதுல என்ன தப்புன்னு தோணும். நல்லா கவனிங்க, அந்த ஆள் ஒரு பெரிய தொகைய போட்டதும் சிஸ்டம் என்னோட 1,150-க்கு ஒரு படி மேல, அதாவது 25 டாலர் கூட்டி 1,175-ன்னு காட்டிடுச்சு. அப்போ அதுலருந்து 25 கழிச்சா என் ரகசிய விலை எவ்வளவுன்னு ஹிஸ்டரிய திறந்து பாத்த எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பிட்ட வாபஸ் வாங்கிட்டான், தெரிஞ்சுக்கிட்டத வாபஸ் வாங்க முடியாதே. மறுநாள் வேற ஒரு மறைஞ்ச பேர், ஃபீட்பேக் ஒண்ணே ஒண்ணு, நேரா 1,120 கேட்டான். அதோட நிறுத்திட்டான், அதுக்கு மேல ஒரு ரூபா கேக்கல. ஏலம் 1,145-ல முடிஞ்சுது, ஜெயிச்சது நான். 620-க்கு வந்திருக்க வேண்டிய பொருளுக்கு 525 டாலர் கூட.

நம்ம பக்கம் மாட்டுச் சந்தையில தரகர் துண்டுக்குள்ள கைய விட்டு விரல புடிச்சு விலை பேசுவாங்க, சுத்தி நிக்கிறவனுக்கு விலை தெரியாது, ஆனா துண்டுக்குள்ள இருக்குறது யார் கைன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். இங்க விலை ஊருக்கே தெரியுது, கைதான் யாருதுன்னு தெரியல.

முடிஞ்சதுக்கு அப்புறம் அதே செல்லரோட பழைய லிஸ்டிங் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன், ஒரு நம்பர் 45 காம்பினேஷன் பிளேன், ஒரு பெட் ராக் 605, சில பித்தளை லெவல். பிட்டர் பேர க்ளிக் பண்ணா போன முப்பது நாள்ல எத்தனை பிட் போட்டான், அதுல எத்தனை சதவீதம் இதே செல்லர் கிட்ட, எத்தனை வாபஸ்னு ஒரு சின்ன கணக்கு காட்டும். என் ஏலத்துல வந்த ரெண்டு பேருக்கும் இதே செல்லர் கிட்ட நூறு சதவீதம். மத்த லிஸ்டிங்லயும் அதே ஃபீட்பேக் எண்ணோட ஆளுங்க வந்து ஏத்தி விட்டுட்டு, ஒண்ணுலயும் ஜெயிக்காம ஒதுங்கியிருக்காங்க. நூறு சதவீதம்ங்கிறத மட்டும் வச்சு யாரையும் திருடன்னு சொல்லிடக் கூடாது, புதுசா வந்தவர் ஒரே செல்லர் கிட்ட ரெண்டு மூணு பொருள் ஆசைப்பட்டு கேட்டா அவருக்கும் நூறுதான் காட்டும். ஆனா நூறு சதவீதம், வாபஸ், எப்பவும் ரெண்டாவது இடம், இது மூணும் சேந்து ஒரே ஆள் கிட்ட இருந்தா எனக்கு வேற அர்த்தம் தெரியல.

ஏலத் தளத்துக்கு ஸ்கிரீன்ஷாட்டோட புகார் குடுத்தேன். விசாரிச்சோம், விதிமீறல் தெரியல, மத்த உறுப்பினர் விவரத்த பிரைவசி காரணமா சொல்ல முடியாதுன்னு பதில். மறுபடி எழுதினேன், அதே பதில் அதே வார்த்தையில. விலை ஏற ஏற அவங்க கமிஷனும் ஏறுது, அந்த 525 டாலர்லயும் அவங்களுக்குப் பங்கு இருக்கு, இத நினைக்க நினைக்க ஆத்திரமா வருது.

ஒரு காலத்துல இந்த ஏலங்கள்ல யார் கேக்குறாங்கன்னு முழு யூசர் பேரும் தெரியும். பழைய டூல் சேக்குறவங்க ஒருத்தர ஒருத்தர் பேர வச்சே அடையாளம் கண்டுக்குவாங்க, ஓ இவர் கேக்குறாரா அப்போ பொருள் நல்லதுதான்னு. தோத்தவங்களுக்கு மோசடிக்காரங்க நேரா மெயில் அனுப்பி "ஜெயிச்சவர் வேணாம்னுட்டார் நீங்க எடுத்துக்கோங்க"ன்னு பணம் பறிச்சதால பேர மறைக்க ஆரம்பிச்சாங்க. காரணம் நியாயமானதுதான். ஆனா அதோட, வாங்குறவங்களே ஒண்ணு சேந்து கள்ள பிட்ட கண்டுபிடிக்கிற வழியும் அடைஞ்சு போச்சு, அந்த வேலைய தளமே செய்யும்னு சொன்னாங்க, செய்யுறதா எனக்குத் தெரியல.

பிளேன் வந்ததும் இன்னொரு அதிர்ச்சி. பின்பக்க ரோஸ்வுட் கைப்பிடி நடுவுல உடைஞ்சு ஒட்டியிருக்கு, ஒட்டின கோட்டு மேல வார்னிஷ் பூசி மறைச்சிருக்காங்க, போட்டோ எல்லாம் அந்தப் பக்கம் தெரியாத மாதிரி எடுத்தது. திருகைக் கழட்டினதும் கைப்பிடி ரெண்டா கையில வந்துடுச்சு. ரிப்பேர் இல்லன்னு எழுத்துல சொன்ன மெசேஜ் என் கிட்ட இருந்ததால "விவரிச்ச மாதிரி இல்ல"ன்னு ரிட்டர்ன் கேட்டேன், இழுத்தடிச்சாங்க, ஆனா கடைசியில முழுப் பணமும் வந்துடுச்சு. பொருள் கெட்டிருந்தா பணம் திரும்ப வரும், விலைய கள்ளத்தனமா ஏத்தினா வராது, இதுதான் இன்னைய நிலைமை. கைப்பிடி நல்லா இருந்திருந்தா அந்த 525 டாலர் போனது போனதுதான்.

சட்டம் நம்ம பக்கம் இருக்குன்னு நிறைய பேருக்கு தெரியல. அமெரிக்காவுல யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட்ங்கிற வியாபாரச் சட்டத் தொகுப்புல 2-328-ஆவது பிரிவோட நாலாவது உட்பிரிவு, லூசியானா தவிர எல்லா மாநிலமும் ஏத்துக்கிட்ட பகுதி இது, விக்கிறவர் முன்கூட்டியே சொல்லாம தானே கேட்டாலோ ஆள வச்சு கேட்டாலோ, வாங்கினவர் விற்பனைய ரத்து பண்ணலாம், இல்லன்னா நேர்மையா கேட்ட கடைசி விலைக்கே பொருள எடுத்துக்கலாம்னு தெளிவா சொல்லுது. கோர்ட் ஏலம் மாதிரி கட்டாய விற்பனைக்கு மட்டும் இது பொருந்தாது. கிரிமினல் வழக்காவும் போயிருக்கு, 2000-ல ஈபேல ஒரு போலி ஓவியத்த விக்கிறவங்களே பல அக்கவுன்ட்ல கேட்டு 135,805 டாலர் வரைக்கும் கொண்டு போனாங்க, அந்தக் கும்பல்ல ரெண்டு பேர் 2001-ல கோர்ட்ல குற்றத்த ஒத்துக்கிட்டாங்க. இங்கிலாந்துல 2010-ல பிராட்ஃபோர்ட் கிரௌன் கோர்ட், ரெண்டாவது அக்கவுன்ட்ல தன் பொருளுக்கே பிட் போட்ட ஒருத்தருக்கு 250 மணி நேர சமூக சேவையும் பணமா 5,000 பவுண்டும் போட்டுச்சு. ஆனா இதெல்லாம் நிரூபிக்க அக்கவுன்ட் யாருதுன்னு தெரியணும், அது தளத்துகிட்ட மட்டும்தான் இருக்கு, நமக்குக் குடுக்க மாட்டாங்க. எஃப்பிஐ நடத்துற ஐசி3 இணையக் குற்றப் புகார் பக்கத்துலயும், எங்க மாநில அட்டர்னி ஜெனரல் ஆஃபீஸ்லயும் எழுதிக் குடுத்திருக்கேன். ஒருத்தர் புகார் குடுத்தா ஃபைல்ல கிடக்கும், அதே செல்லர் மேல பத்து பேர் குடுத்தா எடுத்துப் பாப்பாங்கங்கிற நம்பிக்கைதான்.

இனிமே வாங்கும்போது என்ன பண்ணலாம்னா, முதல் வேலையா பிட் ஹிஸ்டரிய திறங்க, விலைய மட்டும் பாக்காதீங்க. உங்களுக்கு மேல யாராவது பெரிய பிட் போட்டு வாபஸ் வாங்கினா உங்க ரகசிய விலை வெளிய போயிடுச்சுன்னே வச்சுக்கோங்க. உடனே தளத்துக்கு எழுதி உங்க பிட்ட எடுக்கச் சொல்லுங்க, எடுத்தாங்கன்னா கடைசியில புதுசா போட்டுக்கலாம். அதுக்கும் மேல, அதிகபட்ச விலைய முன்கூட்டியே போட்டு வைக்கவே வேணாம், கடைசி சில வினாடியில போடுங்க. இத சிலர் அநியாயம்னு சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல. ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் இத ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க, நேரம் முடிஞ்சதும் டக்குன்னு மூடுற ஈபே ஏலத்துல ஜனங்க கடைசி நிமிஷத்துல குமியுறாங்க, யாராவது கேட்டா பத்து நிமிஷம் தானா நீள்ற மாதிரி அமேசான் அப்போ நடத்தின ஏலத்துல அந்தளவுக்கு குமியலன்னு கண்டாங்க. கள்ள பிட்டருக்கு வேண்டியது உங்க விலைய தோண்டிப் பாக்குறதுக்கு நேரம், அந்த நேரத்த குடுக்காதீங்க. நான் வாங்கின தளத்துல கடைசி 12 மணி நேரத்துக்குள்ள போட்ட பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள மட்டும்தான் வாபஸ் வாங்க முடியும், அதனால இந்த வாபஸ் வித்தைய எப்பவும் ஏலம் முடிய ரொம்ப முன்னாடியே செஞ்சுடுறாங்க.

"ஜெயிச்சவர் பணம் கட்டல, உங்க விலைக்கே தரோம்"னு ரெண்டாவது வாய்ப்பு மெசேஜ் வந்தா இன்னும் உஷாரா இருங்க. என் நண்பர் ஒருத்தருக்கு நம்பர் 55 பிளேனுக்கு இப்படித்தான் வந்துச்சு, கட்டர் பெட்டி நாலும் முழுசா இருந்த செட். ஜெயிச்சவன் ஹிஸ்டரிய பாத்தா அவனும் ஒரே செல்லர் கிட்ட மட்டும் கேக்குற ஆள், அதாவது ஏத்தும்போது கை தவறி அவனே ஜெயிச்சுட்டான். நண்பர் வேணாம்னு எழுதிட்டார், சில வாரத்துல அதே செட் மறுபடி லிஸ்டிங்ல வந்துச்சு.

நான் திருப்பி அனுப்பின நம்பர் 1-உம் இப்ப மறுபடி ஏலத்துல இருக்கு. அதே பழைய போட்டோ, கைப்பிடி ஒட்டினத பத்தி ஒரு வரி கூட இல்ல, ஃபீட்பேக் மூணு உள்ள அந்த ஆள் ஏற்கனவே ஒரு பிட் போட்டாச்சு. நம்பர் 1 தேடிக்கிட்டு இருக்குறவங்க பிட் போடுறதுக்கு முன்னாடி செல்லர் கிட்ட கைப்பிடிய ரெண்டு பக்கமும் வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அவர் குடுக்குற பதில பத்திரமா சேத்து வைங்க. இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தா பிட் ஹிஸ்டரி ஸ்கிரீன்ஷாட்ட எனக்கு அனுப்புங்க, என் புகாரோட சேத்து குடுக்குறேன்.