ஏற்காட்டில் ஓர் இரவு, ஒரு கருந்துளைக் கணக்கு

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி நடத்தும் வானியல் இரவு வகுப்புக்கு, ஆடி மாதச் சனிக்கிழமை ஒன்றில், பதினோராம் வகுப்பு படிக்கும் மகளுடன் சேலத்திலிருந்து சென்று வந்தேன். மூடுபனியால் தொலைநோக்கி ஒரு மணி நேரம்கூடப் பயன்படவில்லை. அதை மட்டும் நம்பிச் செல்வோர் மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. நாங்கள் ஏமாற்றமின்றித் திரும்பியதற்குக் காரணம், கருந்துளையின் நிறையை எங்களையே கணக்கிட வைத்ததுதான்.

பனி சற்று விலகியபோது தனுசு ராசியின் திசையைக் காட்டிய ஆசிரியை, பால்வெளியின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எஸ்2 என்னும் விண்மீன் ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது என்றும், அந்த நீள்வட்டத்தின் அரை நெட்டச்சு (அதாவது நீண்ட விட்டத்தில் பாதி) பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு என்றும் மட்டும் சொன்னார். இந்த மடங்கில் சொன்ன தொலைவின் மும்மடியை ஆண்டுகளில் சொன்ன காலத்தின் இருமடியால் வகுத்தால், நடுவிலுள்ளது எத்தனை சூரிய நிறை என்பது கெப்ளர் விதிப்படி கிடைத்துவிடும். நூறு கோடியை 256-ஆல் வகுத்து மகள் 39 லட்சம் என்று எழுதினாள். இந்த விண்மீன்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகியோரின் குழுக்கள் கண்ட நிறை 40 லட்சத்துக்குச் சற்று மேல் என்று ஆசிரியை சொன்னபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

நிறை தெரிந்தபின் அளவு எளிது. ஒரு சூரிய நிறைக்கு நிகழ்வெல்லையின், அதாவது ஒளிகூடத் தப்பி வெளியேற முடியாத எல்லையின், ஆரம் ஏறத்தாழ 3 கி.மீ.; நிறை எத்தனை மடங்கோ ஆரமும் அத்தனை மடங்கு, ஆகவே இங்கே சுமார் 1.2 கோடி கி.மீ. கன அளவோ ஆரத்தின் மும்மடியாகப் பெருகுவதால், எம்87 என்னும் வேறொரு விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள, சுமார் 650 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையை ஒரு கோளமாகக் கொண்டு கணக்கிட்டால், அதன் சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றைவிடக் குறைவாக வருகிறது. இந்த முடிவை ஆசிரியை தாமே சொல்லிவிடாமல் எங்கள் வாயிலிருந்து வரும்வரை காத்திருந்தார்.

பெரிய குறை வகுப்பில் தந்த அச்சுத்தாளில் இருந்தது. 2019-இல் வெளியான எம்87 கருந்துளைப் படத்தின் இருண்ட பகுதியே நிகழ்வெல்லை என்று அதில் குறித்திருந்தார்கள். அது கருந்துளையின் நிழல். ஒளி வளைவதால் நிகழ்வெல்லையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாகத் தெரிகிறது. அந்த அளவையே ஆரமாகக் கொண்டு நிறையைக் கணக்கிடும் மாணவருக்கு விடையும் இரண்டரை மடங்கு பிழையாக வரும். காலையில் இதைச் சொன்னதும் ஆசிரியை மறுப்பின்றி ஏற்று, தம் தாளில் உடனே திருத்திக்கொண்டார்.

கட்டணத்தில் இரவு உணவு அடங்கும். மொட்டைமாடியில் குளிர் கடுமை என்பதால் கம்பளி கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். மும்மடியும் இருமடியும் இன்னும் படிக்காத சிறுபிள்ளைகளுக்கு இந்த வகுப்பு ஏற்றதன்று.