யாரோ வாங்கிய கடனுக்கு உங்களுக்கு போன் வருகிறதா? எது பலிக்கிறது, எது பலிக்காது

புது சிம் போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் "செந்தில்குமார் சாருங்களா? இ.எம்.ஐ. டியூ ஆயிருக்கு, எப்ப கட்டுறீங்க?" என்று அழைப்பு வர ஆரம்பித்தால், பெரும்பாலும் அந்த எண் முன்பு வேறொருவர் கையில் இருந்தது என்று அர்த்தம். நிரந்தரமாகத் துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்க இந்தியாவில் அனுமதி உண்டு. தனிநபர் கடனும் பைக் கடனும் மூன்று முதல் ஐந்து ஆண்டு ஓடுபவை. எண் கைமாறினாலும் கடன் கோப்பில் பழைய எண் அப்படியே கிடக்கிறது. இன்னொரு வழியும் உண்டு: கடன் வாங்கியவர் படிவத்தில் ரெஃபரன்ஸ் என்ற கட்டத்தில் ஏதோ ஓர் எண்ணை எழுதியிருப்பார், அல்லது ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதியிருப்பார்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, போனில் பேசுபவரால் இந்தத் தொல்லையை நிறுத்த முடியாது என்பதுதான். அவர் பெரும்பாலும் வங்கி ஊழியர் அல்ல. வசூல் ஏஜென்சியின் டெலிகாலர். வங்கி அல்லது நிதி நிறுவனம் தவணை தவறிய கணக்குகளைப் பொதுவாக மாதம் ஒருமுறை பட்டியலாக ஏஜென்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஏஜென்சியில் உங்கள் எண்ணை யாராவது நல்ல மனதோடு எடுத்துவிட்டாலும், வங்கியின் மூலக் கோப்பில் அது இருக்கிறவரை அடுத்த மாதப் பட்டியலில், வேறொரு ஏஜென்சியின் திரையில், மறுபடி வந்து நிற்கும். 'போன மாசமே சொன்னேனே' என்ற கோபத்துக்குக் காரணம் இதுதான். எண்ணை அழிக்க வேண்டிய இடம் கடன் கொடுத்த நிறுவனத்தின் பதிவு. மற்ற எல்லா முயற்சியும் அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் டெலிகாலர் ஒரு முடிவைப் பதிவு செய்கிறார். நீங்கள் எடுக்காவிட்டால் 'பதில் இல்லை'. பாதியில் கட் செய்தால் 'துண்டித்தார்'. இரண்டுக்குமே மென்பொருள் மறுபடி டயல் செய்யும். எரிச்சலில் "சரி சரி, சொல்லிடுறேன்" என்று சொல்லி வைப்பதுதான் ஆக மோசம். 'மூன்றாம் நபரிடம் தகவல் சொல்லப்பட்டது' என்று அது பதிவானால், கடன் வாங்கியவரை எட்டக்கூடிய எண் இது என்று உறுதியாகிவிடும். அதன்பின் அழைப்பு கூடுமே தவிரக் குறையாது. திட்டுவதும் இதே பலனைத்தான் தரும். திட்டுகிறவர் கடன்காரராகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிற டெலிகாலர்கள் நிறைய.

வேலை செய்கிற உரையாடல் சின்னது:

"இது ராங் நம்பர்ங்க. அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல, எனக்கு அவரைத் தெரியாது. நீங்க எந்த பேங்க்குக்காகப் பேசுறீங்க? ஏஜென்சி பேர் என்ன? ராங் நம்பர்னு இப்பவே பதிவு பண்ணுங்க."

அவ்வளவுதான். "வெரிஃபை பண்ணணும், உங்க பேர் சொல்லுங்க சார்" என்பார்கள். சொல்ல வேண்டாம். பெயர், ஊர், வேலை எதைச் சொன்னாலும் அது அதே கோப்பில் 'உறவினர்' அல்லது 'நண்பர்' என்று ஏறக்கூடும். பான், ஆதார் எண்களைக் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். 'நான் கடன்காரன் இல்லை' என்று நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கடன் கொடுத்தது யார் என்பதைச் சில டெலிகாலர்கள் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். அப்போது எஸ்.எம்.எஸ். பெட்டியைப் பாருங்கள். அதே எண்ணுக்குத் தவணை நினைவூட்டல் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அதில் நிறுவனத்தின் பெயரும் கடன் கணக்கின் கடைசி நான்கு இலக்கமும் இருக்கலாம். பெயர் இல்லாவிட்டாலும், அனுப்புநர் இடத்தில் உள்ள எழுத்துத் தொகுப்பு யாருக்குப் பதிவானது என்பதை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தளத்தில் உள்ள ஹெடர் தேடலில் பார்த்துவிடலாம். செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள், செய்தியை அழிக்கவும் அழிக்காதீர்கள். புகாரில் அந்த நான்கு இலக்கம் இருந்தால், 'எந்தக் கணக்கு என்று தெரியவில்லை' என்ற பதிலுக்கே இடமிருக்காது.

புகாருக்கு முன் இரண்டு ஆதாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, அழைப்புப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டுகள். தேதியும் நேரமும் தெரிய வேண்டும். இரண்டாவது, எண் உங்கள் பெயரில் எப்போது ஆக்டிவேட் ஆனது என்பதற்கான சான்று. போஸ்ட்பெய்டு என்றால் முதல் பில் போதும். பிரீபெய்டு என்றால் சிம் இயங்கத் தொடங்கியபோது வந்த குறுஞ்செய்தி, அல்லது நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டு வாங்கும் விவரம். கடன் தேதி ஆக்டிவேஷன் தேதிக்கு முந்தையது என்றால் வாதமே முடிந்துவிடுகிறது. ஆதார் நகலை இதற்கெல்லாம் அனுப்ப வேண்டியதில்லை.

கஸ்டமர் கேரில் பேசுவதில் சிக்கல் இருக்கிறது. தானியங்கிக் குரல் முதலிலேயே கணக்கு எண் கேட்கும், உங்களிடம் அது இல்லை. ஆகவே மின்னஞ்சலே நல்லது. நிறுவனத் தளத்தில் குறைதீர் அதிகாரி, நோடல் அதிகாரி ஆகியோரின் முகவரிகள் போட்டிருக்கும். முதலில் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பி, வருகிற புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பதில் சரியில்லை என்றால் அதே மின்னஞ்சல் தொடரில் அடுத்த நிலையான நோடல் அதிகாரிக்குப் போக வேண்டும். கிளைக்கு நேரில் போனால் இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"இந்த எண் இன்ன தேதி முதல் என் பெயரில் உள்ளது. நான் உங்கள் வாடிக்கையாளர் அல்ல. கடன் வாங்கியவரையும் அறியேன். இன்னின்ன தேதிகளில் வசூல் அழைப்புகள் வந்தன. இந்த எண்ணைக் கொண்டு உங்கள் பதிவுகளில் தேடி, முதன்மை எண், மாற்று எண், ரெஃபரன்ஸ் எண் ஆகிய எல்லா இடங்களிலிருந்தும் நீக்கவும். உங்களுக்காக வசூல் செய்யும் எல்லா ஏஜென்சிகளுக்கும் தெரிவிக்கவும். நீக்கியதை எழுத்தில் உறுதி செய்யவும்."

'எல்லா இடங்களிலிருந்தும்' என்ற வரியை விட்டுவிட வேண்டாம். முதன்மை எண்ணை மட்டும் நீக்கிவிட்டு, மாற்று எண் என்ற கட்டத்தில் அதையே விட்டுவைப்பதுதான் அடிக்கடி நடக்கிற கோளாறு. ஒரு மாதம் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி போன் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கடிதத்துக்குப் பலம் சேர்க்க இரண்டு விதிகளைக் குறிப்பிடலாம். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, கடன் வசூலுக்காக எந்த நபரையும் மிரட்டவோ தொல்லை செய்யவோ கூடாது என்கிறது. 'எந்த நபரையும்' என்பதால் கடன் வாங்காத உங்களுக்கும் அது பொருந்தும். கடன் வாங்கியவரையே காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். இரண்டாவது, 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தந்த அறிவுறுத்தல்: துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலான எம்.என்.ஆர்.எல்.-ஐக் கொண்டு நிதி நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் பதிவுகளைச் சரிபார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். 'எம்.என்.ஆர்.எல். சரிபார்ப்பு செய்தீர்களா?' என்ற ஒரு கேள்வி, விஷயம் தெரிந்தவர் எழுதுகிறார் என்பதைக் காட்டிவிடும். வழக்கமான நகல் பதிலுக்குப் பதிலாக ஒரு மனிதர் கோப்பைத் திறந்து பார்க்க அது உதவுகிறது.

30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சி.எம்.எஸ்.-இல் ஓம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. உதவிக்கு 14448 என்ற எண் உண்டு. நிறுவனத்துக்கு எழுதாமல் நேரே இங்கே போனால் புகார் ஏற்கப்படாது. முன்பு வாங்கிய புகார் எண்ணுக்கு மதிப்பு இங்கேதான். மிரட்டலோ ஆபாசப் பேச்சோ வந்தால் 30 நாள் காத்திருக்கவே வேண்டாம். குற்ற மிரட்டல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில் வருகிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, அதன் நகலை நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

பலரும் முதலில் கைவைப்பது பிளாக் பட்டனில். இந்த விஷயத்தில் அதன் பலன் குறைவு. ஏஜென்சிகள் பல எண்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் ஒன்றை அடைத்தால் இன்னொன்றிலிருந்து வரும். ஆதாரமும் கையை விட்டுப் போகும். புகார் அனுப்பிய பிறகு பிளாக் செய்யுங்கள், தூக்கமாவது மிஞ்சும். 1909 என்ற எண்ணில் செய்யும் டி.என்.டி. ('தொந்தரவு செய்யாதீர்') பதிவு விளம்பர அழைப்புகளுக்கானது. வசூல் அழைப்பை அது தடுக்கும் என்று நம்பி உட்கார்ந்தால் காலம்தான் வீணாகும். ட்ரூகாலரில் உங்கள் எண்ணைத் தேடிப் பார்ப்பது உண்மையிலேயே பயன் தரும். பழைய உரிமையாளரின் பெயர் அங்கே இன்னும் இருந்தால், டெலிகாலர் அதைப் பார்த்துவிட்டு 'சரியான ஆள்தான், பொய் சொல்கிறார்' என்று முடிவு கட்டிவிடுவார். பெயரை உங்களுடையதாக மாற்றுங்கள், அல்லது எண்ணையே பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

அழைப்பவர் உங்கள் பெயரையே சரியாகச் சொல்லி, நீங்கள் வாங்காத கடனைக் கேட்டால் அது ராங் நம்பர் பிரச்சினை இல்லை. உங்கள் பான் எண்ணில் யாரோ கடன் எடுத்திருக்கலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள். தெரியாத கணக்கு இருந்தால் உடனே அந்த நிறுவனத்திடமும் கடன் தகவல் நிறுவனத்திடமும் மறுப்புப் பதிவு செய்யுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று விதி இருக்கிறது. வெறும் எண் குழப்பத்தால் உங்கள் சிபில் ஸ்கோர் பாதிக்காது. அழைப்பில் அப்படிப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

நண்பரோ பக்கத்து வீட்டு அண்ணனோ லோன் ஆப்பில் கடன் வாங்கி, அந்த ஆப் அவருடைய காண்டாக்ட் பட்டியலிலிருந்து உங்களைப் பிடித்திருந்தால் வழி வேறு. கடன் ஆப்கள் காண்டாக்ட் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் எடுக்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அதை மீறுகிற ஆப்புக்கு நாகரிகமான மின்னஞ்சல் எழுதிப் பயனில்லை. மார்ஃபிங் செய்த (உங்கள் முகத்தை ஒட்டி மாற்றிய) படம், வாட்ஸ்ஆப் மிரட்டல் வந்தால் நேரே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் அல்லது தேசிய சைபர் குற்றத் தளம். ஐந்து பைசாகூட அனுப்பாதீர்கள்.

எண்ணை மாற்றிவிடலாமே என்று தோன்றும். புதிதாகக் கிடைப்பதும் யாரோ விட்டுப்போன எண்ணாக இருக்கலாம். வங்கி, கேஸ், ஆதார், யு.பி.ஐ. என்று எல்லாவற்றிலும் எண் மாற்றும் வேலை வேறு. மாற்றியே ஆக வேண்டும் என்றால், புது எண்ணை எதிலும் இணைக்காமல் இரண்டு வாரம் சும்மா வைத்திருங்கள். என்ன எஸ்.எம்.எஸ். வருகிறது, ட்ரூகாலரில் என்ன பெயர் காட்டுகிறது, வாட்ஸ்ஆப் பதிவின்போது பழைய கணக்கு ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். தவணை நினைவூட்டல் ஒன்று வந்தாலும் அந்த சிம்மைக் கொடுத்துவிட்டு வேறு எண் கேளுங்கள்.

எல்லாம் ஓய்ந்து ஓராண்டு கழித்து, கேள்விப்படாத ஒரு பெயரிலிருந்து அதே செந்தில்குமாரைத் தேடி அழைப்பு வரலாம். வாராக் கடனை வங்கி ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருக்கும். வங்கி சுத்தம் செய்வதற்கு முன்பே கோப்பு கைமாறியிருந்தால் உங்கள் எண்ணும் அதோடு போயிருக்கும். 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை இந்த நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. முன்பு வங்கி கொடுத்த எழுத்து உறுதிமொழியை இணைத்து அதே கடிதத்தைப் புது நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். அந்த உறுதிமொழி மின்னஞ்சலை எந்தக் காரணத்துக்காகவும் அழித்துவிட வேண்டாம்.