பருவுக்குக் குளிசையா, பூச்சா?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு மருந்துக்கடையில் நிற்பவள் நான். கம்பஸ் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். "அக்கா, முந்தி டொக்டர் எழுதித் தந்த டொக்சி ரெண்டு காட் தாங்கோ, பரு திரும்ப வந்திட்டுது" என்பார்கள். டொக்சி என்பது டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் குளிசை, காட் என்பது குளிசை அட்டை. கையில் டொக்டரின் மருந்துத் துண்டு இருக்காது. துண்டில்லாமல் நான் கொடுப்பதில்லை. "அப்ப வெறும் கிறீம்தானா?" என்று முகம் வாடிவிடும். அந்த "வெறும்" எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

குளிசையையும் பூச்சையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2004இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. முகத்தில் லேசான அல்லது நடுத்தர அளவு பரு உள்ள 649 பேருக்கு இங்கிலாந்தில் 18 வாரம் ஐந்து விதமாக மருந்து கொடுத்தார்கள். நல்ல முன்னேற்றம் கண்டவர்கள், மினோசைக்கிளின் குளிசையில் நூற்றுக்கு 54, ஒக்சிடெட்ராசைக்கிளினில் 55. பென்சோயில் பெரொக்சைட் பூச்சை மட்டும் போட்டவர்களில் 60. அதோடு எரித்ரோமைசின் என்ற அன்ரிபயோட்டிக் கலந்த பூச்சில் 66. இடைவெளி சிறியது, பூச்சு குளிசையை வென்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் குறைந்த விலைப் பூச்சு குளிசைக்குச் சளைக்கவில்லை. அதிக விலை மினோசைக்கிளினுக்கோ கூடுதல் பலன் எதுவும் இல்லை.

என்னை அதைவிட யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. இந்தக் குளிசைகளும் டொக்சியும் டெட்ராசைக்கிளின் என்ற ஒரே இனம். அந்த இனத்துக்கு மசியாத கிருமி தோலில் ஏற்கெனவே இருந்தவர்களுக்குக் குளிசையின் பலன் குறைந்தது. பெரொக்சைட் பூச்சுக்கு அந்தத் தடை இல்லை. பருக் கிருமி காற்றுப்படாத மயிர்த்துளைக்குள் வளர்வது. பெரொக்சைட் அங்கே ஒட்சிசனை விட்டு அதை அழிக்கிறது, அதற்குப் பழகித் தப்பிக்கக் கிருமிக்கு வழி கிடைப்பதில்லை. கிளிண்டாமைசின் என்ற அன்ரிபயோட்டிக் பூச்சைத் தனியாகப் போட்டால் கிருமி பழகிவிடும். அஸித்ரோமைசின் என்ற அன்ரிபயோட்டிக் குளிசையைப் பருவுக்குக் கேட்பவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: நியூமோனியா போன்ற கிருமித் தொற்றுக்குத் தேவைப்படுகிற மருந்தை முகத்துக்குச் செலவழிக்காதேங்கோ.

பூச்சிலும் குறை உண்டு. முதல் இரண்டு மூன்று வாரம் எரியும், தோல் உரியும், அதோடு பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். 10 வீதம் வாங்கினால் கெதியாக மாறும் என்று நினைக்கவேண்டாம். சிவந்த பருவுக்கு 2.5 வீதமே அதே வேலையைச் செய்யும், எரிவு குறைவு. நிறத் துவாயும் தலையணை உறையும் வெளுத்துப்போகும், வெள்ளைத் துணி பாவியுங்கோ. சூட்டில் இது சிதைந்து பென்சீன் உண்டாகலாம் என்பதால் ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு திரியாதேங்கோ.

குளிசைக்கும் அதற்கான இடம் இருக்கிறது. நெஞ்சு, முதுகு முழுக்கப் பரந்த பருவுக்குப் பூச்சு எட்டாது. நடுத்தரத்தைத் தாண்டி வீங்கி நோகிற பருவுக்கும் டொக்சிசைக்கிளின் உதவும், அது கிருமியோடு வீக்கத்தையும் தணிக்கிறது. ஆனால் கூடவே பெரொக்சைட்டோ, அடாபலீன் என்ற இன்னொரு பருப் பூச்சோ பூசவேண்டும். மூன்று மாதத்தோடு மருத்துவர் மறுபடி பார்க்கவேண்டும், குளிசையை நிறுத்திப் பூச்சைத் தொடர்வதுதான் வழக்கம்.

எங்கள் வெயிலுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். டொக்சி எடுக்கிறபோது தோல் சட்டென்று கருகும். மத்தியானம் சைக்கிளில் பலாலி வீதியால் போய்வருகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்த்து எடுக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தபோது வயலில் இறங்குகிறவர்களுக்குக் கொடுத்ததும் இதே டொக்சிசைக்கிளின்தான். அப்போது வீட்டில் மிஞ்சின குளிசை அட்டையை எடுத்து, நினைத்த நாளில் ஒன்றாகப் பருவுக்குப் போட்டுப் பார்த்த பிள்ளைகளும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அப்படி நாலு நாள் போட்டு விட்டால் பருவும் மாறாது, கிருமிக்குத்தான் பழக்கம் ஆகும்.

கட்டிகட்டியாக வந்து வடு விழத் தொடங்கினால் இரண்டையும் வைத்து மினக்கெடாமல் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குக் கடிதம் எடுங்கோ. முகத்தில் லேசான, நடுத்தரப் பரு உள்ளவர்கள் இன்றிரவே ஒரு பயறளவு பெரொக்சைட் பூச்சோடு தொடங்கலாம்.