பள்ளி மேலாண்மைக் குழு: ஒரு பெற்றோரின் மதிப்புரை

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தால் சீருடை, பாடநூல், சத்துணவு ஆகியவை கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளி நடக்கும் விதத்தைக் கேட்கவும் கண்காணிக்கவும் திட்டமிடவும் சட்டப்படியான ஓர் இடமும் பெற்றோருக்குக் கிடைத்திருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழு என்பது அதன் பெயர். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் அக்குழுவின் உறுப்பினராக இருந்துவரும் பெற்றோர் என்ற முறையில், அந்தச் சேவை எப்படி இருக்கிறது, யாருக்குப் பயன்படும், எங்கே குறைகிறது என்பதை இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் போன்ற காரியங்களில் இக்குழு நன்றாகவே பலன் தருகிறது. பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்ற பேச்சை எடுக்கும்போதுதான் அது தயங்கி நின்றுவிடுகிறது. அந்தத் தயக்கத்தைப் போக்கும் வழியும் குழுவின் கையிலேயே இருக்கிறது என்பதால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இக்குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும்; மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்; நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களின் விகிதத்துக்கு ஏற்ற இடம் தரப்பட வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பதும், வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அதன் பணிகள். தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் மாநிலம் முழுவதும் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது, 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர் என்றும், தலைவர் பெற்றோராகவும் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. 2024-இல் நடந்த மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. எழுத்தில் உள்ளவரை இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது.

பெற்றோரைப் பள்ளிக்குள் அழைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் தலைமைப் பொறுப்பிலும் இருந்த காலத்தில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்கள் தம்மால் இயன்ற பொருளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன்பின் வந்த பெற்றோர் ஆசிரியர் கழகம், பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வெளியிட்ட மாதிரி வினாத்தாள் புத்தகங்களால் வீட்டுக்கு வீடு அறிமுகமானது. அந்த மரபின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதில் பெற்றோருக்கு வாய்த்த வேலை பெரும்பாலும் கொடுக்கும் வேலை. மேலாண்மைக் குழுவில் நமக்கு இருப்பது கேட்கும் வேலை. இந்த வேறுபாடு ஊரில் இன்னும் பதியவில்லை. உறுப்பினராகப் பெயர் கொடுக்கச் சொன்னால், “எவ்வளவுங்க கட்டணும்?” என்று கேட்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை என்பதை முதல் கூட்டத்திலேயே உரக்கச் சொல்வது நல்லது.

எங்கள் பள்ளியில் கூட்டம் மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை பிற்பகலில், ஏழாம் வகுப்பு அறையில் நடக்கிறது. பிள்ளைகளின் பெஞ்சுகளிலேயே உட்காருகிறோம். தலைமையாசிரியர் சென்ற கூட்டத்தின் தீர்மானங்களைப் படிக்கிறார், நிறைவேறியது எது, நிலுவையில் இருப்பது எது என்று சொல்கிறார், புதிய தேவைகள் பேசப்பட்டுப் பதிவேட்டில் ஏறுகின்றன, பிறகு கையெழுத்து. அதே தீர்மானங்கள் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் பதிவேற்றப்படுகின்றன. தாளில் மட்டும் எழுதி அலமாரியில் வைத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். எழுதியதை இல்லை என்று எவரும் மறுக்க முடியாது.

இக்குழுவின் பலத்தை எனக்குக் காட்டியது ஒரு தாழ்ப்பாள். மாணவிகளின் கழிப்பறையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, தண்ணீர் வருகிறது, சுத்தம் செய்ய ஆள் வருகிறார், எனவே குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போக இருந்தோம். அதுவரை வாய் திறக்காமல் கடைசிப் பெஞ்சில் இருந்த ஒரு தாய் எழுந்து, “கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லீங்க டீச்சர். ஒருத்திய வெளியில நிறுத்தி வெச்சிட்டுத்தான் பிள்ளைங்க போகுதுங்க. ஆளு கிடைக்கலைன்னா சாயந்திரம் வரைக்கும் அடக்கிட்டு இருக்குதுங்க” என்றார். அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாலும் அது அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருவதன் காரணம் பல தாய்மார்களுக்கு அன்றுதான் புரிந்தது. அடுத்த கூட்டத்துக்குள் தாழ்ப்பாள்கள் பொருத்தப்பட்டுவிட்டன. செலவு மிகச் சிறியது. ஆய்வுக்கு வரும் எந்த அலுவலரின் படிவத்திலும் இடம்பெறாத இந்தச் செய்தி, பெண்கள் பாதிப் பேர் இருக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தியதால்தான் அந்த அறைக்குள் வந்தது. 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பற்றியும் இதே தாய்மார்கள்தான் பயனுள்ள கருத்துகளைச் சொல்கிறார்கள். எந்த நாள் உணவைப் பிள்ளைகள் மிச்சம் வைக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரிகிறது.

ஊராட்சியின் வார்டு உறுப்பினரும் குழுவில் இருப்பதால், பள்ளியின் தேவைகளைக் கிராம சபைக்கு எடுத்துச் செல்லவும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். குழுவின் தீர்மானத்தின் நகலோடு அங்கே போய்ப் பேசும் பெற்றோரின் சொல்லுக்குத் தனி எடை உண்டு.

இனி குறைகள். முதலாவது, முன்பே சொன்னது. எங்கள் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கட்டடமும் குழாயும் மின்விசிறியும்தான் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைத் தடையின்றிப் படிப்பார்கள் என்ற கேள்வி நெடுநாள் அதில் இடம்பெறவே இல்லை. காரணம் அக்கறையின்மை அன்று, கூச்சம். “நாங்க படிக்காதவங்க, பாடத்தைப் பத்தி டீச்சர்கிட்ட என்னன்னு கேக்கிறது?” என்று பெற்றோர் ஒதுங்குகிறார்கள். பாடத்தைப் பற்றிக் கேட்டால் தம்மைக் குறைசொல்வதாக ஆகிவிடுமோ என்று ஆசிரியர்களும் அந்தப் பேச்சைத் தொடுவதில்லை. ஆனால் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று; ஆசிரியர்கள் சொல்வது குற்றச்சாட்டுக்கு விளக்கம் கொடுப்பதும் அன்று.

இந்தக் கூச்சம் எங்கள் பள்ளியில் ஓரளவு விலகியதற்குக் காரணம் ஓர் ஆசிரியை. கீழ்வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் தாய் அல்லது தந்தையின் அருகில் உட்கார்ந்து ஒரு சிறு பத்தியை உரக்கப் படிக்கட்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னார். படிக்கத் தெரியாத தாய்க்கும், பிள்ளையின் விரல் எந்தச் சொல்லில் நின்றுவிடுகிறது என்று பார்க்கத் தெரியும். ஒரு சிறுவன் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் நின்று எழுத்துக் கூட்டினான். பாட்டையும் கதையையும் வீட்டில் மனப்பாடமாக ஒப்பிப்பவன் அவன் என்பதால், நன்றாகப் படிக்கிறான் என்றே அவன் வீட்டார் நம்பியிருந்தார்கள். அன்றைக்குப் பிறகு அந்தத் தாய் தினமும் மாலையில் அவனை அருகில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்கிறார். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். தம் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த நிலைக்குப் போக என்ன வேண்டும் என்று கேட்கும் பெற்றோரை எங்கள் கூட்டத்தில் நான் முதன்முதலாகப் பார்த்தது இதற்குப் பிறகுதான். எல்லாக் குழுக்களும் ஆண்டுக்குச் சில கூட்டங்களையாவது இதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். செலவில்லாத இந்த ஒரு மணி நேரம், சுற்றுச்சுவரைப் பற்றிப் பேசும் பல மணி நேரத்தைவிட மதிப்புடையது.

இரண்டாவது குறை, நேரம். வெள்ளிக்கிழமை பிற்பகல் என்பது நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்கும், மில்லில் பகல் ஷிப்டு பார்க்கும் தந்தைக்கும் ஒரு நாள் கூலியைக் கேட்கும் நேரம். கூட்டத்துக்கு வராத பெற்றோரை அக்கறையற்றவர் என்று சொல்வது பெரிய அநீதி. நலிந்த பிரிவினருக்கு விகிதப்படி இடம் கொடுத்துவிட்டு, அவர்களால் வர முடியாத நேரத்தில் கூட்டத்தை வைத்தால் அந்த இடத்தால் பயன் இல்லை. மாலை ஐந்தரை மணிக்கோ விடுமுறை நாளிலோ கூடுவதற்குக் குழுவே முடிவெடுக்க விடுவதுதான் முறை. அதற்கு ஆசிரியர்களின் நேரத்தையும் மதித்து, ஈடான ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கூட்டம் நடக்காமலே நடந்ததாக எழுதுவது. என் உறவினர் ஒருவரின் பிள்ளை படிக்கும் பள்ளியில் பதிவேடு ஒரு மாணவன் கையில் வீட்டுக்கு வந்தது. தீர்மானம் முன்பே எழுதப்பட்டிருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. அவரும் போட்டுக் கொடுத்துவிட்டார். மானியச் செலவுக்குப் பெற்றோர் கொடுக்கும் ஒப்புதல் அது என்பது அவருக்குத் தெரியாது. உறுப்பினராக இருப்பவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: நீங்கள் உட்கார்ந்து கேட்காத எதற்கும் கையெழுத்திடாதீர்கள்.

பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்திருப்பவர்களுக்கு இந்தச் சேவை இல்லை. உதவி பெறாத பள்ளிகளை 21-ஆம் பிரிவு விட்டுவிட்டது. அங்கே கிடைப்பது தேர்வுக்குப் பின் நடக்கும் பெற்றோர் சந்திப்பும் வாட்ஸ்அப் குழுவும்தான். மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ள அவை போதும். கட்டணம் எதற்குச் செலவாகிறது என்று கேட்க அங்கே இடம் இல்லை. பெரும் தொகை கட்டும் பெற்றோருக்கு இல்லாத உரிமை, கட்டணமே இல்லாத பள்ளியின் பெற்றோருக்கு இருக்கிறது.

குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் கூட்டத்தில் மூன்று தாள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: சென்ற ஆண்டின் தீர்மானப் பதிவேடு, மானிய வரவு செலவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டம். வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கையும் ஆசிரியர் தேவையும் அந்தத் திட்டத்தில் இருக்கும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை குறைந்தது 2 ஆசிரியர் என்பது சட்டத்தின் அட்டவணை. அதற்குக் குறைவாக இருந்தால் அதையே முதல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். உறுப்பினராக இல்லாத பெற்றோரும் தம் குறையைத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கலாம். அதிலும் தீர்வு வராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.