வானொலியா, கைப்பேசியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் கர்நாடக இசை கேட்க, பொது ஒலிபரப்பின் தமிழ் அலைவரிசையும் கைப்பேசியுமே எளிய வழிகள். வானொலிக்கு இணையம் வேண்டாம். செம்பனைக் குலை வெட்டப் போகிறவரும் கேட்கலாம். ஆனால் திரைப்பாடலுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் தாராளமாக நேரம் ஒதுக்குகிறவர்கள், தோடி இராகத்தைச் சொற்களின்றி விரித்துப் பாடும் ஆலாபனை சூடுபிடிக்கும் வேளையில் அதை வெட்டிவிட்டு அடுத்த அறிவிப்புக்குத் தாவுவது நேயரை அவமதிப்பதாகும். கச்சேரியில் ஓர் இராகத்தை விரிவாகக் கையாளும் 'இராகம் தானம் பல்லவி' என்ற பகுதி ஒரு மணி நேரம்கூட நீளக்கூடியது.

கைப்பேசியில் அந்தக் குறை இல்லை. சென்னையில் மாலை 6.30 மணிக்குத் தொடங்கும் கச்சேரியின் நேரலை இங்கே இரவு 9 மணிக்குக் கிடைக்கும் (விடியலில் வேலைக்கு எழுபவருக்கு அது உறங்கும் நேரம்). முழுமையாகக் கேட்பதற்கு நான் கைப்பேசியையே தேர்வேன். எனினும், நம்மூர்க் கோயிலில் நாகசுரம் வாசிக்கும் கலைஞரை நாடறியச் செய்யும் கடமை வானொலியுடையது. அதற்குத்தான் அங்கே நேரமில்லை.