புதுப் பந்தை விடுவதா, தடுப்பதா?

கிரிக்கெட்டில் முதல் 15 ஓவர் பந்து ஸ்விங் ஆகும், அதாவது காற்றில் வளையும். அப்போது ஆடாமல் விடுவதே மேல். பின்காலை ஆஃப் ஸ்டம்புக்கு (மட்டை நிற்கும் பக்கத்து ஸ்டம்பு) நேராக நகர்த்தினால், கண்ணுக்கு வெளியே போகும் பந்து எதுவென்று தெரியும். மட்டையை முழுதாகத் தூக்கிவிடுங்கள். பாதியில் தொங்கினால் எட்ஜ்தான், பந்து மட்டை விளிம்பில் படும். ஷாட் ஆடாதபோது ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டாலும் எல்பிடபிள்யூ (ஸ்டம்பை நோக்கி வரும் பந்து காலில் பட்டு அவுட்) உண்டு, மறக்க வேண்டாம்.

நாகர்கோவில் பக்கம் மேட்டிங்கில் (பாய் விரித்த பிட்ச்) பழகும் பிள்ளைகள் பந்தின் எழுச்சியை நம்பி அதை ஆடாமல் விடுவார்கள். புல் பிட்சில் அதே லெங்த்தில் (பந்து குத்தும் தூரம்) விழும் பந்து தாழ்ந்து வந்து ஸ்டம்பைத் தட்டும். அங்கே தடுப்பதுதான் சரி.

தடுக்கும்போது கீழ்க்கைப் பிடியைத் தளர்த்துங்கள். எட்ஜ் ஆனாலும் ஸ்லிப்புக்கு (கீப்பர் பக்கத்தில் நிற்கும் ஃபீல்டர்) முன்பே விழும். சுழல் பந்துக்கு மட்டை பேடுக்கு முன்னால் இருக்கட்டும்.

2017இல் ராஞ்சியில் இந்திய பேட்ஸ்மேன் புஜாரா 525 பந்தில் 202 ரன் எடுத்த இன்னிங்ஸை, எதை விடுவது, எதைத் தடுப்பது என்று கற்கவே பாருங்கள்.